இருமலுக்கு எத்தனை பேர்!

தமிழ் சினிமாவில் ஒருவர் இருமினால் ஜலதோஷம் என்று அர்த்தமில்லை. அடுத்த ஷாட்டில் கைக்குட்டை வரும். வெள்ளைக் கைக்குட்டை. அதில் ஒரே ஒரு பொட்டு ரத்தம். கறுப்பு வெள்ளைப் படமாக இருந்தால் அந்தப் பொட்டும் கறுப்புதான். சிவப்பு என்று நாமாகப் புரிந்துகொள்ள வேண்டும். உடனே வயலின் அழ ஆரம்பிக்கும். இருமியவர் கைக்குட்டையைச் சட்டென்று மடித்து மறைத்துக்கொள்வார். இடைவேளைக்கு முன்னால் இருமினால் தியாகம், பின்னால் இருமினால் மரணம். பார்த்துப் பார்த்து நமக்கே மனப்பாடம் ஆகிவிட்ட இலக்கணம் இது.

கைக்குட்டை நம் கண்டுபிடிப்பு இல்லை. ஐரோப்பாவிலிருந்து கப்பல் ஏறி வந்தது. ஆனால் அதை மடித்து மறைக்கிறோம் பாருங்கள், அந்த வேலை இன்னும் முடியவில்லை. இந்த வாரம் அதைப் பற்றித்தான். காசநோயைப் பற்றி எழுதியவர்கள், பாடியவர்கள், படம் எடுத்தவர்கள், அதற்குப் பேர் வைத்தவர்கள் என்று எல்லோர் மேலும் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது.

முதலில் பேர்களைப் பார்ப்போம்.

கிரேக்கர்கள் தைசிஸ் என்றார்கள். தேய்ந்து போவது என்று பொருள். சமஸ்கிருதத்தில் க்ஷயம். அதுவும் தேய்வதுதான். நம் பாட்டிமார் வாயில் அது சயரோகம் ஆயிற்று. இங்கிலீஷ்காரன் கன்சம்ப்ஷன் என்றான். ஆளையே உள்ளிருந்து தின்று தீர்ப்பது. (என்னைப் போல காமர்ஸ் படித்தவர்களுக்கு கன்சம்ப்ஷன் என்றால் நுகர்வு. ஒருவர் நுகர்ந்தால் பொருளாதாரம் வளரும். இங்கே ஆளையே நுகர்ந்துவிடும்.) தமிழில் எலும்புருக்கி. எனக்குத் தெரிந்து இவ்வளவு பயமுறுத்தும் பேர் வேறு எந்த நோய்க்கும் கிடையாது. அரசாங்கம் போர்டில் எழுதும் காசநோய் மட்டும் கொஞ்சம் சாது. காசம் என்றால் வெறும் இருமல்.

ஊர் ஊராக, மொழி மொழியாக இத்தனை பேர் வைத்தார்களே, எல்லாம் என்ன சொல்கின்றன? ஆள் இளைத்துப் போகிறான் என்று. அவ்வளவுதான். ஏன் இளைக்கிறான், எந்த வீட்டில் படுத்திருந்தான், என்ன சாப்பிட்டான் என்று ஒரு பேரும் சொல்லவில்லை. லாப நஷ்டக் கணக்கில் கடைசி வரியை மட்டும் எழுதிவிட்டு, பணம் எங்கே போனது என்பதை விட்டுவிட்ட மாதிரி. எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தவர்கள் வைத்த பேர்கள் இவை. படுக்கையில் கிடந்தவனை யாரும் கேட்கவில்லை.

அப்புறம் ராஜா வருகிறார். நம் ஆயுர்வேதத்தில் இதற்கு ராஜயக்ஷ்மா என்று பேர். கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சந்திரன், தட்சனின் 27 பெண்களைக் கட்டிக்கொண்டு ரோகிணியிடமே பழியாகக் கிடந்தான். மாமனார் சாபம் விட்டார், தேயத் தொடங்கினான். கதை அழகுதான். ஆனால் ஓசைப்படாமல் ஒரு காரியம் செய்கிறது: நோய் வந்தவன் என்னமோ தப்பு செய்திருக்கிறான் என்று நம் காதில் போட்டுவிடுகிறது. இத்தனைக்கும் சரக சம்ஹிதை இந்த நோய்க்கு நான்கு காரணம் சொல்கிறது. சக்திக்கு மீறிய உழைப்பு, இயற்கை உந்துதல்களை அடக்குவது, உடலின் சத்து விரயமாவது, ஒழுங்கற்ற சாப்பாடு. இதில் உழைப்பும் சாப்பாடும் முகத்தில் அறைகிற மாதிரி நிற்கின்றன. ஆனால் ஊர் எதைப் பிடித்துக்கொண்டது? சத்து விரயத்தை. 'பையன் நடத்தை சரியில்லை போலிருக்கு' என்று முடித்துவிட்டது.

இங்கிலாந்திலும் ராஜா உண்டு. கழுத்தில் கட்டி கட்டியாக வருமே, அதுவும் பெரும்பாலும் இதே கிருமியின் வேலைதான். தமிழில் கண்டமாலை. கழுத்துக்கு மாலை போட்ட மாதிரி இருக்கிறதாம்! அங்கே அதற்கு ராஜாவின் நோய் என்று பேர். ராஜா தொட்டால் போய்விடும் என்று நம்பிக்கை. இரண்டாம் சார்லஸ் தன் ஆட்சியில் சுமார் 90,000 பேரைத் தொட்டார் என்பது கணக்கு. 1712-ல் ஆன் மகாராணி தொட்டவர்களில் இரண்டரை வயதுக் குழந்தை ஒன்று இருந்தது. பிற்காலத்தில் அகராதி எழுதிப் புகழ்பெற்ற சாமுவேல் ஜான்சன். ராணி கொடுத்த தங்கக் காசைக் கடைசிவரை கழுத்தில் போட்டிருந்தார். நோய் மட்டும் ராணி கையால் போகவில்லை.

இதுவரை பேர் வைத்தவர்கள். இனி கலைஞர்கள்.

19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இந்த நோய்க்கு ஒரு வினோதமான அந்தஸ்து வந்தது. வெளுத்த கன்னம், பளபளக்கும் கண், மெலிந்த உடம்பு. அழகு என்றால் அதுதான் என்றானது. செத்தால் க்ஷயத்தில் சாகவேண்டும், பெண்கள் பார்த்து உருகுவார்கள் என்று கவிஞர் பைரன் சொன்னதாகக்கூட ஒரு பேச்சு உண்டு. நல்ல வாட்டசாட்டமான பிரபு, சொல்லலாம்.

நிஜமாக அதில் செத்த கவிஞன் கீட்ஸைப் பாருங்கள். மருத்துவம் படித்தவர். 1810-ல் தாயை இதற்குக் கொடுத்தார். 1818-ல் தம்பி டாம். பக்கத்திலிருந்து பணிவிடை செய்தவர் இவர். 1820-ல் தான் இருமிய ரத்தத்தைப் பார்த்ததும் என்னவென்று அவருக்குப் புரிந்துவிட்டது. காற்று மாற ரோமுக்குப் போனார். அங்கே டாக்டர் என்ன வைத்தியம் செய்தார் தெரியுமா? இருக்கிற ரத்தத்தையும் கத்தி வைத்து வெளியேற்றினார். சாப்பாடு? ஒரு நாளைக்கு ஒரு துண்டு ரொட்டி, ஒரு சின்ன மீன். 1821 பிப்ரவரியில் உயிர் போனது. வயது 25. ரோம் நகர அதிகாரிகள் அவர் அறைச் சாமான்களைக் கொளுத்தச் சொன்னார்கள். அங்கே இது தொற்றும் என்று சட்டமே நம்பியது. இங்கிலாந்தோ பரம்பரை வியாதி என்று நம்பிக்கொண்டிருந்தது. ரசிகர்கள் என்ன எழுதினார்கள்? மென்மையான கவிஞன் மலர் போல உதிர்ந்தான் என்று. மலர் ஒன்றும் உதிரவில்லை ஐயா. பட்டினி போட்டார்கள்.

அடுத்தது பாரிஸ். மாரி டுப்ளெஸிஸ் என்ற பெண், 23 வயதில், 1847-ல், இதே நோயில் இறந்தாள். பணக்காரர்களின் ஆசைநாயகி. அவள் காதலர்களில் ஒருவரான இளைய டூமா, மறு வருஷமே அவளை நாவலாக்கிவிட்டார். நாவல் நாடகமாயிற்று. நாடகம் 1853-ல் வெர்டியின் லா டிராவியாட்டா என்ற ஓபரா ஆயிற்று. கடைசிக் காட்சியில் நாயகி இருமிக்கொண்டே உச்ச ஸ்தாயியில் பாடிவிட்டுச் சாவாள். நுரையீரல் அரித்துப்போனவரால் மூச்சுப் பிடித்து ஒரு வாக்கியம் பேசவே சிரமம், பாட்டு எங்கே! வெனிஸில் முதல் நாள் நடந்ததைக் கேளுங்கள். நாயகியாகப் பாடியவர் நல்ல பாடகி, ஆனால் நல்ல பருமன். க்ஷயம் முற்றி இன்னும் சில மணி நேரம்தான் என்று டாக்டர் சொன்னதும் அரங்கமே சிரித்துவிட்டதாம். ஓபரா அன்றைக்குத் தோல்வி.

எனக்கென்னமோ அன்றைக்குச் சிரித்தவர்கள் மேல்தான் கோபம். க்ஷயம் என்றால் ஒல்லியான அழகி என்று அவர்கள் மண்டைக்குள் யாரோ படம் வரைந்து வைத்திருக்கிறார்கள். அந்தப் படத்துக்குப் பொருந்தாத நோயாளி வந்தால் சிரிப்பு வருகிறது. அதே வருஷங்களில் மான்செஸ்டர், பாரிஸ் மாதிரி ஊர்களில் ஒரு அறையில் ஏழெட்டுப் பேராகப் படுத்து, நூல் மில்லிலும் தையல் வேலையிலும் இருமி இருமிச் செத்தவர்களுக்கு யாரும் ஓபரா எழுதவில்லை. கவிஞருக்கு வந்தால் மென்மை. கூலிக்காரனுக்கு வந்தால் அழுக்கு, குடி, ஒழுக்கக்கேடு. ஒரே நோய், இரண்டு பட்டுவாடா.

1882 மார்ச் 24-ல் ராபர்ட் காக் பெர்லினில் எழுந்து நின்று, இதற்குக் காரணம் ஒரு கிருமி என்று நிரூபித்தார். உலகத்தில் ஏழு சாவில் ஒன்று இந்த நோயால் என்று அன்றைக்குக் கணக்கு. மருந்து? அதற்கு இன்னும் 60 வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் வந்ததுதான் சானடோரியம். மலை, குளிர்காற்று, பால்கனியில் படுக்கை, முட்டை, பால். தாமஸ் மன் 1924-ல் ஒரு மகத்தான நாவலையே அப்படி ஒரு மலைமேல் நடத்தினார். கையில் காசு இருந்தவர்களின் உலகம் அது.

இங்கேதான் நம் ஊர் கதைக்குள் வருகிறது. கணிதமேதை ராமானுஜத்துக்கு டி.பி. என்று சொல்லி 1917-ல் இங்கிலாந்தில் சேர்த்த சானடோரியங்களில் ஒன்றை நடத்தியவர், டாக்டர் சௌரிமுத்து என்ற தமிழர். (ராமானுஜத்துக்கு வந்தது டி.பி.யே இல்லை, குடலிலிருந்து ஈரலுக்குப் போன அமீபா தொற்று என்று 1994-ல் ஒரு மருத்துவர் வாதாடியிருக்கிறார்.) அதே சௌரிமுத்து 1928-ல் சென்னைக்குப் பக்கத்தில் ஒரு சானடோரியம் தொடங்கினார். மின்சார ரயிலில் போகிறவர்கள் தினமும் அந்தப் பேரைக் கேட்கிறீர்கள். தாம்பரம் சானடோரியம். ஒரு நோயின் வரலாறு ஸ்டேஷன் பேராக நிற்பது அபூர்வம். அதில் இறங்கி ஏறுகிறவர்களில் எத்தனை பேர் யோசித்திருப்பார்கள்?

1940-களில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. முறையாகச் சோதித்துப் பார்த்த முடிவை 1948-ல் லண்டனில் வெளியிட்டார்கள். அதே 1948 ஜூன் 30-ம் தேதி திருவனந்தபுரத்தில் புதுமைப்பித்தன் இதே நோயில் இறந்தார். வயது 42. நாமும் கீட்ஸ் ரசிகர்கள் செய்ததையே செய்தோம். வறுமையும் க்ஷயமும் மேதைக்கு அணிகலன் என்கிற மாதிரி பேசினோம். மருந்து வேறு ஊர்களில் இருந்தது, இங்கே கையில் காசு இல்லை என்பதுதான் நிஜம். அதைச் சொன்னால் ரொமான்ஸ் போய்விடுமே.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

1956-ல் சென்னை சேத்துப்பட்டில் ஒரு ஆராய்ச்சி தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் எல்லாம் சேர்ந்து செய்தது. கேள்வி எளிமையானது. டி.பி. நோயாளியை வீட்டிலேயே வைத்து மாத்திரை கொடுத்துக் குணப்படுத்த முடியுமா, அல்லது சானடோரியம் கட்டாயமா? நகரத்து ஏழைகள் சுமார் 190 பேர். குலுக்கல் முறையில் பாதிப் பேர் சானடோரியத்துக்கு; ஓய்வு, நர்ஸ், நல்ல சாப்பாடு. பாதிப் பேர் அவரவர் வீட்டுக்கு. நெருக்கடியான அறை, அரைகுறைச் சாப்பாடு, வேலை. இரு தரப்புக்கும் ஒரே மாத்திரைகள், ஒரு வருஷம்.

முடிவு 1959-ல் வந்தது. இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமாயின. அதைவிட முக்கியம், வீட்டிலேயே இருந்தவர்களின் குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை. மருந்து ஆரம்பித்துவிட்டால் நோயாளி வீட்டுக்கு எமன் இல்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூட ஆரம்பித்ததற்கு நம் சேத்துப்பட்டு ஒரு பெரிய காரணம். இதற்கு நாம் ஒரு சிலை வைத்திருக்க வேண்டும். பாடப்புத்தகத்திலாவது போட்டிருக்க வேண்டும்.

இரண்டு வருஷம் கழித்து, 1961-ல், பாலும் பழமும் வந்தது. பீம்சிங் படம். சிவாஜி டாக்டர். சரோஜாதேவி அவர் மனைவி, நர்ஸ். மனைவிக்கு டி.பி. கணவரின் புற்றுநோய் ஆராய்ச்சி தன்னால் கெடக்கூடாது என்று வீட்டைவிட்டுப் போய்விடுகிறார். ரயில் விபத்தில் இறந்துவிட்டதாக எல்லோரும் நினைக்கிறார்கள். குணமாகித் திரும்பி வந்தால் வீட்டில் சௌகார் ஜானகி இருக்கிறார், இரண்டாவது மனைவியாக.

பாட்டுகளைப் பற்றி நான் ஒன்றும் சொல்லமாட்டேன். சொன்னால் உங்களில் பாதிப் பேர் கல்லெடுத்து அடிப்பீர்கள். சிவாஜியும் சரோஜாதேவியும் அழவைத்துவிடுவார்கள். என் கேள்வி வேறு. கோடம்பாக்கத்துக்கும் சேத்துப்பட்டுக்கும் எத்தனை தூரம் சார்? டவுன் பஸ்ஸில் போய்விடலாம். டி.பி. வந்த மனைவி வீட்டைவிட்டுப் போகத் தேவையில்லை என்று அந்த ஊரிலேயே நிரூபித்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. டாக்டரும் நர்ஸும் குடும்பம் நடத்தும் கதைக்குள்கூட அந்தச் செய்தி நுழையவில்லை.

ஆனால் நியாயம் பேசவேண்டும். வெனிஸைவிட நாம் தேவலை. அங்கே நாயகி செத்தே ஆகவேண்டும். நம் நாயகி பிழைக்கிறாள். இன்னொன்றும் உண்டு. மருத்துவத்தில் பிசகிய அந்தப் படம், சமூகத்தில் பிசகவில்லை. நோய் போய்விட்டது, வீட்டில் அவள் இடமும் போய்விட்டது. இது கற்பனையா? குணமான பிறகும் மாமியார் வீட்டு வாசலில் நின்ற பெண்களைக் கேளுங்கள். டாக்டர் சர்ட்டிபிகேட் கொடுத்துவிடுவார், வீடு கொடுக்காது. இயக்குநர் தெரிந்து செய்தாரோ தெரியாமல் செய்தாரோ, அந்தக் காட்சி ஒரு மருத்துவ அறிக்கையைவிட உண்மையானது.

இந்த இடத்தில் ஒரு அம்மையாருடன் சண்டை போட வேண்டியிருக்கிறது. சூசன் சான்டாக். அமெரிக்க எழுத்தாளர். தனக்குப் புற்றுநோய் வந்து சிகிச்சை பெற்ற பிறகு, 1978-ல் நோயை உருவகமாக்குவது பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். க்ஷயத்தை எப்படி அழகாக்கினார்கள், புற்றுநோயை எப்படி அசிங்கமாக்கினார்கள் என்று கிழித்துத் தோரணம் கட்டியிருப்பார். நோயைச் சுற்றி கதை கட்டாதீர்கள், நோயை நோயாகப் பாருங்கள் என்பதுதான் சாரம். அற்புதமான புத்தகம். ஆனால் ஒரு இடத்தில் அவசரப்பட்டுவிட்டார். காரணம் தெரிந்து மருந்தும் வந்துவிட்டதால் டி.பி.யின் மாயை கலைந்துவிட்டது என்கிற மாதிரி எழுதிவிட்டுப் புற்றுநோய்க்குப் போய்விடுகிறார். நியூயார்க்கில் கலைந்திருக்கலாம். சேத்துப்பட்டில் கலையவில்லையே அம்மா! மருந்து கண்டுபிடித்தால் கிருமிதான் சாகும். பேர் சாகாது.

நம்பிக்கை இல்லையா? அமிதாப் பச்சனுக்கு 2000-ல் முதுகெலும்பில் டி.பி. வந்து குணமானது. அதை அவர் வெளியில் சொன்னது 2014-ல். அமிதாப்புக்கே 14 வருஷம் ஆயிற்று என்றால், கல்யாணத்துக்கு நிற்கிற பெண்ணும் வாடகை வீட்டில் இருக்கிற டிரைவரும் என்ன செய்வார்கள்? மாத்திரையை ஒளித்துவைத்துத்தான் சாப்பிடுவார்கள். ஒளித்துச் சாப்பிடுகிற மாத்திரை பாதியில் நின்றுபோகும். பாதியில் நின்றால் கிருமி அந்த மருந்துக்கே அசையாத கிருமியாகிவிடும். வெட்கத்துக்கு இப்படி ஒரு வட்டி.

டாக்டர்களும் யோக்கியமில்லை. பல வருஷம் உலகம் முழுக்க அவர்கள் ரிஜிஸ்டரில், டி.பி. இருக்கலாம் என்று தோன்றுகிறவருக்கு 'சஸ்பெக்ட்' என்று பேர். மருந்தைப் பாதியில் விட்டவர் 'டிஃபால்டர்'. முதல் வார்த்தை போலீஸ் ஸ்டேஷனில் புழங்குவது. இரண்டாவது எங்கள் ஆட்கள் புழங்குவது. வங்கிக்குக் கடனைக் கட்டாமல் ஏமாற்றுகிறவனுக்கு நாங்கள் வைத்த பேர் அது. பஸ் சார்ஜ் இல்லாமல் மருந்து வாங்க வராதவருக்கு அதைத் தூக்கிப் போட்டார்கள். 2013-ல்தான் உலக சுகாதார நிறுவனம் இரண்டையும் மாற்றியது. நம் அரசாங்கம் 2012-ல் தொடங்கிய நோயாளிப் பதிவேட்டுக்கு நிக்ஷய் என்று பேர். க்ஷயம் இல்லாமை. பாட்டியின் சயரோகம் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது, பாருங்கள்!

2025-க்குள் ஒழித்துவிடுவோம் என்று 2018-ல் அறிவித்தார்கள். 2025 போய்விட்டது. நோய் போகவில்லை. 2023-ல் மட்டும் உலகத்தில் சுமார் ஒரு கோடியே எட்டு லட்சம் பேருக்குப் புதிதாக வந்தது. பன்னிரண்டரை லட்சம் பேர் இறந்தார்கள். நோய் வந்தவர்களில் நாலில் ஒருவர் இந்தியர். ஆறு மாத மாத்திரையில் பெரும்பாலும் குணமாகிற நோய் இது.

ஏன் போகவில்லை? எந்தப் பேரும் சொல்லாமல் விட்டதை, ஜார்க்கண்டில் நடந்த ஒரு ஆராய்ச்சி 2023-ல் எடுத்துச் சொன்னது. டி.பி. நோயாளிகளின் வீட்டார் பத்தாயிரத்துச் சொச்சம் பேர். ஒரு பகுதிக் குடும்பங்களில் எல்லோருக்கும் மாதாமாதம் உணவுப் பொருள் கொடுத்தார்கள். இன்னொரு பகுதியில் நோயாளிக்கு மட்டும். வீடு முழுக்கச் சாப்பிட்ட பக்கம் புதிதாக நோய் வந்தவர்கள் ஏறக்குறைய 40 சதவிகிதம் குறைவு. வந்த நோயைத் தீர்க்க மாத்திரை. பக்கத்தில் படுத்திருப்பவருக்கு வராமல் தடுக்கச் சோறு. இதைத்தான் சரகர் 'ஒழுங்கற்ற சாப்பாடு' என்று சொல்லிவிட்டுப் போனார். நாம் நடத்தையைப் பிடித்துக்கொண்டு தொங்கினோம்.

சிகிச்சையில் இருக்கும் நோயாளிக்குச் சத்துணவுக்காக அரசு 2018-லிருந்து மாதம் 500 ரூபாய் கொடுத்தது. 2024 நவம்பரில் 1,000 ஆக்கினார்கள். நல்ல காரியம். கணக்குப் படித்த புத்தி, வகுத்துப் பார்க்கச் சொல்கிறது. நாளைக்கு 33 ரூபாய். உங்கள் தெரு முனை ஓட்டலில் அதற்கு என்ன கிடைக்கும் என்று நாளைக்குக் காலையில் கேட்டுப் பாருங்கள்.

கதாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த படத்தில் யாராவது இருமினால் கைக்குட்டை வேண்டாம், வயலினும் வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். ஆறு மாதம் மாத்திரை சாப்பிடட்டும், கூடவே ரெண்டு முட்டையும். வீட்டிலேயே இருக்கட்டும். குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளட்டும். குணமானதும் அதே வீட்டில், அதே தட்டில் உட்கார்ந்து சாப்பிடட்டும். கதையில் விறுவிறுப்பு இருக்காதே என்கிறீர்களா?

இல்லாவிட்டால் போகிறது. சேத்துப்பட்டில் 190 பேரை வைத்து நிரூபித்ததை ஒரே ஒரு படத்திலாவது பார்த்துவிட்டுப் போகிறேனே.